ஐந்தாம் கொட்டகையில் மட்டும் வெளிச்சம்

10.03.1981, செவ்வாய்.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். மாலை நான்கு மணி வோல்ட் அளவை 196 என்று எழுதியிருக்கிறேன். மீட்டர் காட்டியது 206. கைத்தொழிற்பேட்டைப் பதிவேட்டில் சரியாகத்தான் எழுதினேன். வீட்டுக்கு வந்து டயறியில் பார்த்தெழுதும்போது பிழைத்துவிட்டது. வெட்டித் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்பதால் இங்கே குறிக்கிறேன்: நேற்று மாலை நான்கு மணி, 206.

என் கவனம் எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் ஏதோ சொல்ல, வாப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். வாப்பாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு இந்த ஒரு வருடத்தில்தான் தெரியவந்தது.

நடந்தவற்றை வரிசையாக எழுதினால் நான் நிற்கும் இடம் எனக்காவது விளங்கும். போன வருடம் என் மூத்தவள் சுபைறா ராத்தாவைக் கலியாணம் முடித்து அபுல் ஹஸன் மச்சான் வரிப்பத்தான்சேனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு ராத்தாவின் பேருக்குப் போனது. அது ஊர் வழக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் வாப்பாவும் உம்மாவும் பின்பக்க அறைகளுக்கு மாறினோம். அதிலும் குறை இல்லை. ஆனால் வீட்டோடு சேர்த்து, கைத்தொழிற்பேட்டையில் வாப்பாவுக்குக் கிடைத்த ஒன்பதாம் கொட்டகையையும் சீதனமாகக் கொடுத்தார்கள். அதில் நான் மோட்டர் சுற்றும் பட்டறை போடுவதாக இருந்தேன். படம்கூட வரைந்து வைத்திருந்தேன். இப்போது அங்கே மச்சானின் நெல் குற்றும் ஆலை ஓடுகிறது.

எனக்குப் பேட்டையின் சுவிச் அறை கிடைத்தது. பதினாறு கொட்டகை, ஒரு ட்ரான்ஸ்போமர், ஒரு வோல்ட்மீட்டர். மணிக்கு ஒரு தடவை அளவைப் பார்த்து எழுதுவது என் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் மின்சாரம் படிக்கிறேன். மூன்று கம்பிகளையும் சிவப்பு, மஞ்சள், நீலப் பென்சில்களால் கோடு நடுங்காமல் வரைவேன்.

பேட்டை வளர்ந்துவிட்டது, ட்ரான்ஸ்போமர் வளரவில்லை. அறுவடை தொடங்கியதிலிருந்து பியூஸ் அடிக்கடி போகிறது. அதனால் போன மாதம் பேட்டைச் சங்கம் கூடி முறை வைத்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அதே முறை. தலைப்பிலுள்ள முதல் எட்டுக் கொட்டகைகளுக்குக் காலை, கடையிலுள்ள கடைசி எட்டுக்கும் பின்நேரம். ஐஸ் ஆலை மாத்திரம் நாள் முழுக்க. யோசனை வாப்பாவுடையது. அவர் இருபது வருடம் வட்டவிதானையாக இருந்து வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டவர். அட்டவணையை எழுதியது நான். கோடு போட்டு, அழகாக எழுதினேன். சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

*

இன்று காலை ஒன்பது இருபதுக்கு மறுபடியும் பியூஸ் போனது. இந்த மாதத்தில் நான்காவது தடவை.

மூன்று கம்பியில் ஒன்று செத்தால் பெரிய மோட்டர்கள் உடனே நிற்பதில்லை. மீதி இரண்டிலும் இழுத்து, உறுமி, சூடேறி, கடைசியில் எரிந்துபோகும். உறுமல் கேட்டதும் ஓடிப்போய் ஐஸ் ஆலையினதும் மர ஆலையினதும் சுவிச்சுகளை இழுத்து விட்டேன். பதிவேட்டில் அந்த நேர எழுத்து கோணல்தான்.

ஐஸ் ஆலைக்காரர் அப்துல் ஹமீட் ஹாஜியார்தான் சங்கத் தலைவர். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டேய் இஸ்ஸதீன், எண்ட மோட்டர் எரிஞ்சா கடக்கரையில மீன் முழுக்க நாறும். ஊரு எனக்கிட்டயா வரும், ஒனக்கிட்டயா வரும்?"

"உடன நிப்பாட்டிட்டன் ஹாஜியார்."

"நிப்பாட்டத்தான் தெரியும் ஒனக்கு!"

மிளகாய் அரைக்கிற பக்கீர் முகைதீன் காக்கா மூன்றாம் கொட்டகையிலிருந்து வந்தார். தலையிலும் புருவத்திலும் சிவப்புத் தூள்.

"இது எங்கட முறை. கடையில ஆரோ களவாத் தொறந்திரிக்கான். நான் சொல்றன், பாருங்க."

களவாய்த் தண்ணீர் திறந்தவனைத் தேடுகிற மாதிரியே ஏழெட்டுப் பேர் கடைசிக் கொட்டகைகளை நோக்கி நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். நேரே ஒன்பதாம் கொட்டகைக்குத்தான் போனார்கள். வெளியூர் மாப்பிள்ளை, புது மோட்டர், பதினைந்து குதிரைவலு. வேறு எங்கே போவார்கள்?

மச்சான் நெல் மூட்டையில் உட்கார்ந்து பெல்ட்டுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டு எழும்பினார்.

"வாங்க, வாங்க. என்ன, மையித்து எடுக்கப் போற கூட்டமா?"

பக்கீர் காக்கா மோட்டரின் முதுகில் கையை வைத்தார். உள்ளங்கையை வைத்தார், பிறகு புறங்கையை வைத்தார்.

"குளுந்துதான் கெடக்கு" என்றார்.

"முறை ஒரு மணிக்குத்தானே காக்கா. நான் இன்னும் தொடவே இல்ல" என்று மச்சான் சிரித்தார். "கொஞ்ச நேரம் வெச்சிரிங்க. மொளகா அரச்ச கைக்கு நல்லாரிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கீர் காக்காவும் சிரித்தார். அந்த மோட்டர் சூடாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். நினைத்ததை எழுதத்தான் வேண்டும். சூடாக இருந்திருந்தால் இன்று பகல் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு மச்சான் என் கூடவே சுவிச் அறைவரை நடந்து வந்தார்.

"மச்சான், ஒண்டு கேக்கணும். நீ படிக்கிறவன், எனக்கு வெளங்கல்ல."

"கேளுங்க."

"அந்தா பாரு. நாலாம் கொட்டகை இருட்டு. ஆறு இருட்டு. நடுவில அஞ்சு, சீனிமுகம்மது காக்காட சோடாக் கம்பனி, அதுல மட்டும் லைட் எரியுது."

பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. சோடாப் போத்தல் கழுவுகிற சத்தமும் கேட்டது.

"போன மொறையும் இப்பிடித்தான். அதுக்கு மொதலும் இப்பிடித்தான். ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு. பொறகு கடையில பதினொண்டு, பன்ரெண்டு. எப்பயும் இந்த ஏழும்தான் சாகுது. தண்ணியெண்டா நடுவில ஒரு வயல விட்டுட்டு அடுத்த வயலுக்குப் பாயுமா? தலைப்பு, கடை எண்டு நாம பிரிச்சது பிழையில்லயா? அந்த ஏழும் ஒரே கம்பியில தொங்குது எண்டுதான் எனக்குப் படுது."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. மூன்று கம்பியில் நீலத்தில் மாத்திரம் சிறு கொட்டகைகள் எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் பாதிச் சுமையோடு சும்மா கிடக்கின்றன. நாங்கள் வைத்த முறையோ நீலக்கம்பியின் ஐந்து கொட்டகைகளைக் காலையில் ஒன்றாக ஓட விடுகிறது. நோய்க்கு மருந்து என்று நான் அழகாக எழுதி ஒட்டியதுதான் நோயைக் கூட்டியிருக்கிறது. என் வோல்ட்மீட்டர் சிவப்புக் கம்பியில் மாட்டியிருப்பதால் மூன்று மாதமாக மணிக்கு மணி நான் எழுதிய அளவுகளில் இது தெரியவே இல்லை.

மச்சான் எட்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவர்.

"அது வேற விசயம் மச்சான்" என்றேன். "அப்பிடிச் சிம்பிளாச் சொல்ல ஏலா. கணக்கெல்லாம் இரிக்கி."

"ஓம், இரிக்கும்" என்றார் அவர். உடனே ஒத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

*

பகல் சாப்பாட்டில் மச்சானுக்கும் வாப்பாவுக்கும் முன்பக்கத்தில் பாய் விரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். உம்மா மருமகனுக்கு முன்னால் வருவதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றபடி ராத்தாவிடம் சொல்லுவா, ராத்தா பரிமாறுவா.

"சுபைறா, மருமகனுக்குத் தயிர் வைகா. மேல் ஆடையோட வை."

"வெச்சிட்டன் உம்மா."

"மீன் தலையையும் அவருக்கே வை."

மீன் தலை எனக்குப் பிடிக்கும் என்று அந்தச் சீலைக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வயதில் மீன் தலைக்காக மனம் கறுக்கிறவனை என்னவென்று சொல்வது? மச்சான் தலையைப் பிட்டுப் பாதியை என் பீங்கானில் வைத்தார். நான் தொடவில்லை. இது சிறுபிள்ளைத்தனம். குறித்துக்கொள்கிறேன்.

வாப்பா கை கழுவிவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"ஹாஜியார் இண்டைக்குக் காலயில சொன்னாரு. நாம கேட்ட ரெண்டாவது ட்ரான்ஸ்போமர் கெடச்சா, ரெண்டையும் பாத்துக்க நிரந்தரமா ஒரு ஆளைப் போடணுமாம். மின்சாரக் கந்தோரிலயும் அந்த ஆள்ட பேரைப் பதிவாங்களாம். நாலு பேரோட கதச்சுப் பழகத் தெரிஞ்ச ஆளா வேணுமாம்." பிறகு என்னைப் பாராமல், "மருமகனுக்குச் சரியா இரிக்கும் எண்டு எனக்குப் படுது" என்றார்.

நான் பீங்கானைத் தள்ளி வைத்தேன்.

"வாப்பா, தம்பி படிக்கிற புள்ள. அவனுக்கு இல்லாம இவருக்கு எதுக்கு?" என்றா ராத்தா.

"படிக்கிறான்தான். நாலு மொற பியூஸ் போயிட்டு. இவன் என்ன செஞ்சான்? எழுதினான்."

மச்சான் எழும்பியபடி, "எனக்கு ஆலை இரிக்கி மாமா. மச்சான்தான் சரி" என்றார்.

அவர் ஆசைப்பட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். தன் பீங்கானில் மிஞ்சியதை எனக்குத் தள்ளிவிடுகிற மாதிரி அதையும் தள்ளிவிட்டுப் போனார்.

*

மூன்று மணிக்குச் சங்கம் கூடியது. ஹாஜியார் மின்சாரக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார். இஞ்சினியர் நாளை காலை எட்டு மணிக்கு வருகிறார். அடிக்கடி பியூஸ் போவதற்குக் காரணம் தெரியாமல் புது ட்ரான்ஸ்போமருக்குச் சிபாரிசு செய்ய முடியாது. காரணத்தையும், ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு ஓடுகிறது என்ற அளவுகளையும் சங்கம் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் அடுத்த வருடத்துக்குப் போகும்.

"அடுத்த வரிசமா? அதுக்கிடையில ரெண்டு வெள்ளாம வெட்டி முடிஞ்சிரும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"காரணம் என்ன, களவுதான்" என்றார் பக்கீர் காக்கா.

"ஓம், நீ இண்டைக்குப் புடிச்சியே கள்ளன, குளுந்த கள்ளன்!" என்றார் சோடாக் கம்பனி சீனிமுகம்மது காக்கா.

"ஒனக்கென்னடா, ஒண்ட லைட்டு ஒருக்காலும் போறல்ல. நீ ட்ரான்ஸ்போமருக்குள்ள பாய் போட்டுப் படுக்கிறாயா?"

சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. வாப்பா முறையை இன்னும் இறுக்க வேண்டும், நாலு நாலாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. அவருடைய முகம் சிறுத்துப்போனது.

நான் எழும்பினேன். எழும்பும்போது, மச்சான் சொன்னதாகச் சொல்லத்தான் நினைத்தேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நினைக்கவில்லை.

"காரணம் களவில்ல" என்றேன். "நான் கவனிச்சுப் பாத்தன். பியூஸ் போற நேரமெல்லாம் ஒரே ஏழு கொட்டகைதான் இருளுது. அஞ்சாம் கொட்டகையில மட்டும் வெளிச்சம் நிக்குது. தண்ணியெண்டா நடுவில ஒரு வயல விட்டுட்டுப் பாயாது. அந்த ஏழும் ஒரே கம்பியில தொங்குது. முறையால சரிவராது. மூணக் கழட்டி மத்தக் கம்பிகளுக்கு மாத்தணும்."

வயல் உவமையையும் விடாமல் எடுத்துக்கொண்டேன்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஏழு, மகன்?"

"ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு..." அதற்கு மேல் வரவில்லை. கடையில் எவை? பத்தா, பதினொன்றா? எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பதினொண்டும் பன்ரெண்டும்" என்று கதவடியிலிருந்து ஒரு குரல் மெல்லச் சொன்னது.

மச்சான். உமி படிந்த சேட்டோடு நிலையில் சாய்ந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. பிள்ளை பாடம் ஒப்புவிக்கும்போது தடுமாறினால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு ஆலைக்குப் போய்விட்டார். அவருடைய முறை நேரம் அது.

"சபாஷ்!" என்றார் ஹாஜியார், வாப்பாவைப் பார்த்து. "முகைதீன்பாவா, ஒண்ட வீட்டிலயே இஞ்சினியர வெச்சிக்கிட்டு ஏண்டா வெளியில தேடுறம்?"

வாப்பா என் தோளில் கையை வைத்தார். பாரமான கை. எத்தனையோ வருடம் மண்வெட்டி பிடித்த கை. அந்தக் கைக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. அது தோளில் இருந்த நேரம் முழுக்க, அதை எடுத்துவிடமாட்டாரா என்று இருந்தது.

"அளவெல்லாம் இரிக்கிதானே? கம்பிக்கு எவ்வளவு ஓடுது எண்டு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"அப்ப நாளைக்கு இஞ்சினியரோட நீதான் நிக்கிறாய். எல்லாம் சரியாப் போச்செண்டா அந்த நிரந்தர வேலையும் ஒனக்குத்தான்."

*

வெளியே வேப்பமரத்தடியில் லைன்மேன் தம்பிமுத்து அண்ணன் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். சொறிக்கல்முனைக்காரர். பியூஸ் போட வந்தவர் கூட்டத்தை ஜன்னலால் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பெரிய ஆளாயிட்டாய் தம்பி."

"ஏன் அண்ணன் எல்லாத்தையும் ஒரே கம்பியில மாட்டினீங்க?"

"நான் ஏறுற ஏணியப் பாத்தயா? ஏழு எட்டுப் படி. அதில நிண்டு கை எட்டுற கம்பி அது ஒண்டுதான். சோடாக் கம்பனிக்குக் கனெக்சன் குடுக்கப் போன அண்டு, அந்தக் கம்பிக்குப் பக்கத்தில குளவி கூடு கட்டியிருந்துது. வேற வழியில்லாம மத்தப் பக்கத்தால ஏறி மஞ்சளில மாட்டினன். குளவிக்குத் தெரிஞ்ச எலக்ட்ரிக் எனக்கும் தெரியல்ல, ஒனக்கும் தெரியல்ல." சிரித்துவிட்டு, கயிற்றை இறுக்கினார். "அது சரி, நீ எப்ப அளந்தாய்?"

"எதை?"

"உள்ள சொன்னியே, அளவு இரிக்கெண்டு. கவ்விப் பாக்கிற மீட்டர் இந்த ஊரில ஒண்டுதான் இரிக்கு. அது என்ர. அதையும் பதினொரு நாளா ஒன்ர மச்சான் எனக்கிட்ட வாங்கி வெச்சிருக்கார்."

நான் ஏணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கம்பத்தில நிண்டு கவ்வுவன், அவர் கீழ நிண்டு எழுதுவார். காலையில ஒருக்கா, பின்நேரம் ஒருக்கா. பதினொரு நாள். சீமெந்துப் பேப்பரில எழுதி மடிச்சு வெச்சிருக்கார். ஏன் உங்கட மச்சானுக்குச் சொல்லயில்ல எண்டு கேட்டன். 'அவன்ட வேலையில நான் கை போட்டா அவனுக்கு நோகும், ஒண்டு வெளங்கினாப் பொறகு மெல்லமாச் சொல்லுவம்' எண்டார்."

அண்ணன் சைக்கிளில் ஏறி இரண்டு மிதி மிதித்தார். பிறகு காலை ஊன்றித் திரும்பினார்.

"நான் ஒண்டும் கேக்கயில்ல தம்பி. நீயும் ஒண்டும் சொல்லயில்ல. என்ன?"

*

இன்று செவ்வாய். மாலை வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவை.

ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து அளவுகளை நானே எழுதிப் பார்த்தேன். கொட்டகைக்குக் கொட்டகை மோட்டர் அளவு எனக்குத் தெரியும். கூட்டினால் வரும்தானே? சிவப்பு 95, மஞ்சள் 90, நீலம் 150. எல்லாம் ஐந்திலும் பூச்சியத்திலும் முடிந்தன. அளந்து எடுத்த எண்கள் அப்படி முடியாது. ஆகவே 93, 88, 152 என்று மாற்றினேன். பிறகு பதினொரு நாளுக்கும் அதேபோல் எழுதினேன். கையெழுத்து மிக நன்றாக வந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை.

ராத்தா தேத்தண்ணீர் கொண்டுவந்தா. மேசையில் குனிந்து பார்த்தா.

"என்ன தம்பி இது?"

"நாளைக்கு இஞ்சினியருக்குக் குடுக்க."

"ஆர் அளந்த?"

நான் பக்கத்தைக் கையால் மறைத்தேன்.

"அந்த அஞ்சாம் கொட்டகைக் கதய போன கெழமையே சோத்துக்கு முன்னால வெச்சி எனக்கிட்டச் சொன்னாரு" என்றா ராத்தா. "பருப்பு, உப்பு, பிளேன்டிக் கோப்ப, இதுகள அடுக்கி அடுக்கிக் காட்டினாரு. எனக்கு வெளங்கினது ஒனக்கு வெளங்காமலா இரிக்கும்? இண்டைக்கு ஆலையில இரிந்து வந்து என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன?"

"'ஒண்ட தம்பி நல்லாக் கதச்சான்கா. மாமாட மொகத்தப் பாத்திரிக்கணும் நீ.' அவ்வளவுதான். பொறகு தேத்தண்ணியும் வேணாம் எண்டுட்டுப் படுத்திட்டாரு."

"ராத்தா, அந்தப் பேப்பர் எங்க இரிக்கி?"

"எண்ட பெட்டிக்குள்ள."

"எடுத்துத் தா ராத்தா. நாளைக்கு ஒரு நாளைக்கு. பாத்து எழுதிட்டு வெச்சிருவன்."

ராத்தா என்னை அடிப்பா என்று நினைத்தேன். சின்ன வயதில் அடித்திருக்கிறா.

"இந்த வீட்ட எனக்குத் தந்த நாள்ல இரிந்து ஒண்ட மொகம் எனக்குத் தெரியும்" என்றா. குரல் உயரவில்லை. "ஒண்டும் சொல்லாம விட்டன். கொட்டகயத் தந்ததுக்குப் பொறகும் பாத்தன், சொல்லல்ல. ஒனக்கு எரியுது. எரியட்டும், அதில ஒரு நாயம் இரிக்கி. ஆனா அவர் ஒனக்கிட்ட இரிந்து எதையாவது கேட்டு வாங்கினாரா? தந்ததைத்தான் எடுத்தாரு. நீதான் இண்டைக்குக் கேக்காம எடுத்திரிக்காய்."

"நான் சொன்னா அந்த வேல அவருக்குப் போயிரும் ராத்தா."

"போகட்டுமே."

"வாப்பா பொறகு எப்பவும்..." என்று தொடங்கினேன்.

ராத்தா என் தலையில் கையை வைக்கப்போய், வைக்காமல் கோப்பையை எடுத்தா.

"பேப்பர நான் எடுத்துத் தரமாட்டன். நீ கேளு. கேட்டாத் தருவாரு. கேட்ட ஒடனயே தருவாரு, அதுதான் ஒனக்குக் கஸ்டம்."

கதவுச் சீலையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டா.

மஃரிப் தொழுகைக்கு வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கண்ட நாலு பேரிடம், "நாளைக்கு இஞ்சினியர் வாறாரு, மகன்தான் எல்லாம் பாக்கிறான்" என்றார். மருமகன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நடந்தேன். இனித்தது. இதையும் குறிக்கிறேன்: தெரிந்துகொண்டேதான் இனித்தது.

நான் கற்பனை பண்ணி எழுதிய பதினொரு நாள் அளவும் இந்தப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. இஞ்சினியர் தன் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். போடாமலும் விட்டுவிடலாம். அந்தக் கடைசி வசனத்தை எழுதிவிட்டுக் கனநேரம் பேனையைத் தூக்கவில்லை. அப்படிப் போய், ட்ரான்ஸ்போமரும் வந்து, பொய்க் கணக்கில் கம்பிகளை மாற்றினால், அடுத்த அறுவடைக்கு எரியப்போவது யாருடைய மோட்டர் என்று எனக்குத் தெரியாது.

எதிர்ப் பக்கத்தை முனையிலிருந்து முனைக்குக் குறுக்கே வெட்டிவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

பொறாமை வெட்டுப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் இருமுகிறார். அந்த இருமலிலும் எனக்குக் குறை தெரிகிறது.

நாளைய வேலை, புதன்:

காலை ஆறு மணி. மச்சான் கிணற்றடிக்கு வருவார். வாப்பாவும் அந்நேரம் காலைத் தொழுகை முடித்து வந்து அங்கேதான் நிற்பார். இரண்டு பேரும் நிற்கும்போது, வாப்பாவுக்குக் கேட்கும்படி, ஐந்தாம் கொட்டகையைக் கண்டவர் மச்சான் என்று சொல்ல வேண்டும். பிறகு பேப்பரைக் கேட்க வேண்டும்.

எட்டு மணி. இஞ்சினியர்.